ஒன்பதாம் வகுப்புத் தமிழ்: புது ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் முதன்முதலாக ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையும் தமிழாசிரியர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதவும் வகுப்பை அமைதிப்படுத்தவும் சொல்லித்தர எல்லாப் பள்ளியிலும் ஆள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் எழுத்தைக் கெடுத்துவிடும் தவறுகளைத்தான் யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. ஆண்டுதோறும் அவையே திரும்ப நடக்கின்றன.

வல்லினம் மிகும் இடங்களைப் பட்டியலாக நடத்துவது

இதைத்தான் பொறுக்க முடிவதில்லை. அடுத்த சொல்லுக்கு முன் க், ச், த், ப் ஒற்று கூடுதலாக வரும் இடங்கள் அத்தனையும் கரும்பலகையில் ஏறும், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், மறுநாள் ஒப்பிப்பார்கள். அடுத்த வாரக் கட்டுரையில் பாருங்கள்: ‘மழைப் பெய்தது’, ‘யானைப் பிளிறியது’, ‘காய்கறி விலைக் கூடியது’. ‘ஐ வந்தால் மிகும்’ என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, சொல்லின் இறுதியில் உள்ள ஐயும் வேற்றுமை உருபான ஐயும் ஒன்றாகவே கேட்கிறது.

விதியைச் சொல்லும் முன் ஒரு சோதனையைப் பழக்குங்கள். ஐயை நீக்கிப் பார்க்கட்டும். ‘புத்தகத்தை’ என்பதில் ‘புத்தகம்’ கிடைக்கும். ‘பூனையை’ என்பதில் ‘பூனை’ கிடைக்கும். ‘மழை’யில் எதுவும் மிஞ்சாது. அது உருபு இல்லை, மழை எழுவாய், ஒற்று வேண்டாம். ‘தண்ணீரைக் குடி’, ‘தண்ணீர் குடி’ இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள். உருபு வெளிப்படும் இடத்தில் ஒற்று வருவது கண்ணுக்கே தெரியும்.

முதல் வாரம் ஐ, கு மட்டும் போதும். அடுத்து அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி. பிறகு எச்சங்கள், அதாவது முடிவுபெறாத வினைச்சொற்கள்: ‘கேட்டுச் சொன்னான்’, ‘ஓடிப் போனான்’ மிகும், ‘வந்து போனான்’, ‘செய்து கொடுத்தான்’, ‘வந்த பையன்’ மிகாது. உருபு மறைந்து சேர்ந்து நிற்கும் தொகைகள் கடைசியில். ‘கீரை கடை’ என்றால் கடையும் வேலை, ‘கீரைக்கடை’ என்றால் கீரை விற்கும் இடம் என்பது அப்போது தானாகப் புரியும். பயிற்சிக்கு அவர்கள் கட்டுரையிலிருந்தே பத்து வாக்கியம் எடுத்து, ஒற்றுகளை நீக்கிக் கொடுங்கள்.

காரணம் சொல்லாமல் அரை மதிப்பெண் குறைப்பது இன்னும் மோசம். போட்டாலும் தப்பு, போடாவிட்டாலும் தப்பு என்று முடிவுகட்டும் பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் ஒற்றைக் கண்டால் பயப்படும்.

செய்யுளைச் சீர் பிரித்தபடியே வாசிப்பது

‘நீரின் றமையா யாக்கைக் கெல்லாம்’ என்று ஓசைக்காகப் பிரித்த சீர்களாக அச்சில் உள்ளபடி நிறுத்தி வாசித்தால், ‘றமையா’ என்று ஒரு சொல் இருப்பதாகப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். குடபுலவியனாரின் இந்தப் புறநானூற்று அடியை முதலில் ‘நீர் இன்று அமையா யாக்கைக்கு எல்லாம்’ என்று பொருள்படப் பிரித்து இரண்டு முறை வாசியுங்கள். இங்கே ‘இன்று’ என்றால் ‘இல்லாமல்’ என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ‘இந்த நாள்’ என்றே எழுதுவார்கள். ஓசைக்கான வாசிப்பு அதற்குப் பிறகு.

சொற்பொருளை ஒற்றைச் சொல்லில் முடிப்பது

‘யாக்கை – உடல்’ என்பது தேர்வோடு மறந்துபோகும். யாத்தல் என்றால் கட்டுதல்; தோலும் நரம்பும் எலும்பும் கட்டப்பட்டதால் உடல் யாக்கை, சீரும், சீர்களை இணைக்கும் தளையும் கட்டப்படுவதால் செய்யுளின் அமைப்பு யாப்பு. இரண்டு பாடத்துக்கும் ஒரே விளக்கம் போதும்.

அலகிடுதலில் அவசரம்

சீர்களை அசைகளாகப் பிரித்து வாய்பாடு சொல்வதுதான் அலகிடுதல். குறில், நெடில், ஒற்று காதில் பிடிபடும் முன் தேமா, புளிமா என்ற வாய்பாடுகள் வேண்டாம்.

சிவப்பு மை

அந்த வாரம் நடத்திய பிழையை மட்டும் வட்டமிடுங்கள்.