படிப்பதை நிறுத்திவிட்ட யோகாசிரியர்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். இடது பிட்டத்தின் அடியில், எலும்பு படும் இடத்தில், கூழாங்கல்லின் மேல் உட்கார்ந்ததுபோல உறுத்தும். யோகா கற்கத் தொடங்கி எனக்கு அது மூன்றாம் ஆண்டு. ஆசிரியரிடம் சொன்னேன். 18 ஆண்டுகளாகக் கற்பித்து வருபவர், நல்ல பெயர் எடுத்தவர். "தொடையின் பின்பக்கம் இறுகிக் கிடக்கிறது. இன்னும் நன்றாக இழுத்துவிடுங்கள், சரியாகிவிடும்" என்றார். இழுத்தேன். சில மாதங்களில் பச்சிமோத்தானாசனத்தில் என் நெற்றி முழங்காலைத் தொட்டது. வலியோ நாற்காலியை விட்டு இறங்கி, நடக்கும்போதும் கூடவே வரத் தொடங்கியது.

பிறகு வேறோர் ஆசிரியரிடம் போனேன். அறுபதைக் கடந்த அம்மையார். "வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்றார். விரல் நேராக எலும்பின் முனையில் போய் நின்றது. தசையில் வலி என்றால் பெரும்பாலும் உள்ளங்கையால் தடவித்தான் காட்டுவார்களாம். ஒற்றைப் புள்ளியைக் காட்டினால், தசைநாண் எலும்போடு சேரும் இடத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்றார். இடுப்பை மடித்துக் குனியும்போதெல்லாம் அந்த நாண் எலும்பின் மேல் அழுந்துகிறது. இழுக்க இழுக்கப் புண்ணைக் கிளறுவதுபோல்தான். மருத்துவரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார். வந்ததும் இரண்டு மாதத்துக்கு முன்குனியும் ஆசனங்கள் எதுவும் இல்லை. மல்லாந்து படுத்து, பாதங்களை ஊன்றி இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம் மட்டும், மெதுவாக, முதலில் இரண்டு காலாலும் பிறகு ஒரு காலாலும். நாணுக்கு வேண்டியது வலு என்றார். கடைசியில் அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "பத்து வருடம் முன்னால் நீங்கள் வந்திருந்தால் நானும் இழுக்கத்தான் சொல்லியிருப்பேன்."

இருவருமே அனுபவசாலிகள். ஒருவருடைய படிப்பு அவர் சான்றிதழ் வாங்கிய ஆண்டோடு நின்றுவிட்டது, இன்னொருவருடையது நிற்கவில்லை. வகுப்பில் சேரும்போது "எத்தனை வருடமாகச் சொல்லித் தருகிறீர்கள்?" என்று எல்லோரும் கேட்கிறோம். "இப்போது நீங்கள் யாரிடம் படிக்கிறீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. என் முதல் தவறு அதுதான்.

வளையும் உடம்பைப் பார்த்து மயங்குவது

அடுத்த தவறு, ஆசிரியரின் புகைப்படத்தைப் பார்த்து முடிவெடுப்பது. காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால் வைத்திருப்பவருக்கு உடம்பு வளைகிறது என்பதற்கு மட்டுமே அந்தப் படம் சாட்சி. பிறவியிலேயே மூட்டுகள் தளர்ந்த ஒருவர் பத்மாசனத்தில் முதல் நாளே உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு அதில் கற்க எதுவும் இருந்ததில்லை. ஆகவே கற்பிக்கவும் எதுவும் இல்லாமல் போகலாம்.

பத்மாசனத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கு வேண்டிய திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். தொடை எலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, இடுப்புக் குழி எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். எலும்பு இடிக்கும் இடத்தில் எத்தனை ஆண்டு பயின்றாலும் எலும்பு நகராது. இடுப்பு திரும்ப மறுக்கும்போது பாதத்தைப் பிடித்து மேலே இழுத்தால், மிச்சத் திருப்பம் முழங்காலுக்குப் போகிறது. கதவுக் கீல்போல மடங்கி விரிவதற்கென்றே அமைந்த மூட்டு அது. முறுக்கினால் உள்ளே இருக்கும் ஜவ்வு கிழியலாம். "விடாமல் முயன்றால் வந்துவிடும்" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்பவர் இந்த வேறுபாட்டைப் படிக்கவில்லை என்று பொருள்.

என் அம்மையார் ஆசிரியர் புதிதாக வருபவர்களை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிடுவார். ஒற்றைக் காலில் நிற்கச் சுவரைப் பிடிக்கிறாரா, குனியும்போது மூச்சைப் பிடிக்கிறாரா, எந்தத் தோள் முன்னால் விழுந்திருக்கிறது? விரிப்பில் வந்து உட்காருவதற்குள் அவருக்குப் பாதிப் பாடத் திட்டம் தயாராகிவிடும். இந்தக் கண் எந்தச் சான்றிதழிலும் வராது.

சான்றிதழை முடிவாக நினைப்பது

பல நாடுகளில் இன்று புழங்கும் அடிப்படைச் சான்றிதழ் 200 மணி நேரப் பயிற்சிக்கானது. அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு இந்த அளவுகோலைப் பரவலாக்கியது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்று கணக்கிட்டால் 25 நாளில் முடிந்துவிடும். ஆசனம், பிராணாயாமம், உடற்கூறு, தத்துவம், கற்பிக்கும் முறை எல்லாம் அந்த 25 நாளுக்குள் அடங்கவேண்டும். அதில் தப்பொன்றும் இல்லை, எங்காவது தொடங்கத்தானே வேண்டும். ஆனால் 26ஆம் நாள் அந்த ஆசிரியர் என்ன செய்தார் என்பதில்தான் எனக்கு ஆர்வம். அதே அமைப்பு, பதிவு பெற்றவர்கள் மூன்றாண்டுக்குள் 45 மணி நேரம் கற்பிக்கவும் 30 மணி நேரம் தாங்கள் கற்கவும் வேண்டும் என்கிறது. ஆண்டுக்குப் பத்து மணி நேரக் கல்வி! ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். குறைந்தபட்சம் என்பதற்கு இதைவிடக் குறைவான அளவு வைப்பது கடினம்.

படிப்பு என்றால் பயிலரங்குகளுக்குப் போய்ச் சான்றிதழ் சேர்ப்பது என்று நினைப்பதும் இதன் தம்பி. ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பெயருள்ள யோகாவோடு வரும் ஆசிரியரைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றையும் ஆறவிடாமல் அடுத்ததற்கு ஓடுபவர் தேங்கியவரைவிட மேல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யோக சூத்திரம் இயற்றிய பதஞ்சலி, நியமங்கள் எனும் தன்னொழுக்க விதிகள் ஐந்தில் ஒன்றாகச் சுவாத்தியாயத்தை வைக்கிறார். நூலைப் படிப்பது, அதன் வழியே தன்னைப் படிப்பது என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. பயிற்சி வேரூன்ற அவர் சொல்லும் நிபந்தனைகளும் மூன்றுதான்: நெடுங்காலம், இடைவிடாமை, அக்கறை. நாம் முதலாவதை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

'எங்கள் குரு இப்படித்தான் சொன்னார்'

இந்த வாக்கியத்தைப் பணிவு என்று எடுத்துக்கொள்வது பெருந்தவறு. பல நேரம் அது படிப்பதிலிருந்து தப்பிக்கும் வழி. குருவே மாறிக்கொண்டிருந்தால் சீடர் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்?

யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்க்கையே இதற்கு நல்ல சான்று. 1888இல் பிறந்து 1989இல் மறைந்தவர். 1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் அவரிடம் பயின்றவர்கள் பெரும்பாலும் சிறுவர்களும் இளைஞர்களும். அவர்களுக்கு அவர் கற்பித்தது வேகமும் வலுவும் மிக்க, ஆசனங்களைச் சங்கிலிபோல் கோத்த முறை. சென்னைக்கு வந்தபின் முதியவர்களும் நோயாளிகளும் அவரைத் தேடி வந்தார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்காரவைத்து, அவரவர் வயது, நோய், மூச்சு ஆகியவற்றுக்கேற்பப் பயிற்சியை அமைத்தார். முந்திய காலத்தில் கற்ற பட்டாபி ஜோயிஸ் பரப்பிய யோகாவும், பிந்திய காலத்தில் கற்ற மகன் தேசிகாச்சார் பரப்பிய யோகாவும் ஒரே ஆசிரியரிடமிருந்து வந்தவை என்று நம்புவது கடினம். ஆசிரியர் நடுவில் நெடுந்தூரம் நடந்திருக்கிறார்.

அதே மைசூரில் கற்ற பி.கே.எஸ். அய்யங்கார் 1979இல் ஸ்கூட்டர் விபத்தில் அடிபட்டபோது அறுபதைக் கடந்தவர். அதற்குள் உலகப் புகழும் பெற்றவர். அடிப்படை ஆசனங்களிலிருந்து மறுபடி தொடங்கினார். பெல்ட்டும் கட்டையும் நாற்காலியும் மடித்த கம்பளமும் கொண்டு ஆசனங்களுக்குள் படிப்படியாகப் போகும் அவருடைய முறையில், இப்படித் தம் உடம்பைத் திரும்பப் படித்ததன் பங்கும் இருக்கிறது.

படிப்பை நிறுத்தியவரின் வகுப்பில் என்ன கேட்கும் என்று உங்களுக்கே தெரியும். முறுக்கு ஆசனங்கள் ஈரத்துணியைப் பிழிவதுபோல் உடம்பின் நச்சைப் பிழிந்தெடுக்கும் என்பார். (அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே செய்துவருகின்றன.) கால்களை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தில் இடுப்பை இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே இருப்பதுபோல் ஒரே தளத்தில் வைக்கச் சொல்வார். பலருக்கு அப்படி வைத்தால் முதுகெலும்பின் அடியில் இடுப்பெலும்பு சேரும் மூட்டில் சிரமம் விழும். இடுப்பைச் சற்று முன்னால் உருளவிடுவது அவர்களுக்கு நல்லது. வயதானவர்களுக்குக் குனியும் ஆசனங்கள் மென்மையானவை என்பார். எலும்பு அடர்த்தி குறைந்தவர் முதுகை வளைத்து அழுத்திக் குனிந்தால் முதுகெலும்புக் கட்டை நசுங்கி முறியும் ஆபத்து உண்டு.

நாம் வாயைத் திறக்காமல் இருப்பது

எவ்வளவு படித்த ஆசிரியரானாலும் நாம் மறைப்பதை அவரால் ஊகிக்க முடியாது. கிளாக்கோமா எனும் கண்நீர் அழுத்த நோய் இருப்பவர் அதைச் சொல்லாமல் சிரசாசனம் செய்கிறார். அந்த நிலையில் கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குடலிறக்கம், வலிப்பு, கர்ப்பம் ஆகிய எதுவாயிருந்தாலும் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள் ஆகாது. இதைக் கேட்காமலேயே முதல் நாள் வகுப்பைத் தொடங்கும் ஆசிரியரிடம் இரண்டாம் நாள் போக வேண்டாம். கேட்டும் சொல்லாமல் இருந்தால் தவறு நம்முடையது.

வலியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தசையின் நடுவில் இழுவை தெரிவது வேறு. மூட்டில் குத்துவது, கை கால் மரத்துப்போவது வேறு. இரண்டாவது வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் விரிப்பைச் சுருட்டிக்கொள்ளலாம்.

கற்பிப்பவர்கள் இதைப் படித்தால்

நாளுக்கு ஆறு வகுப்பு எடுப்பதே தம் பயிற்சி என்று சொல்லும் ஆசிரியர்களைச் சந்தித்திருக்கிறேன். அது பயிற்சி ஆகாது. வகுப்பில் உங்கள் கவனம் பிறர் உடம்பில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் உங்களுடையதை நீங்கள் கவனித்திருக்க வழியில்லை. இருபது பேருக்கு முன்னால் எல்லா ஆசனத்தையும் தாமே செய்து காட்டிக்கொண்டிருப்பவர், தலைகீழாய் நிற்கும்போது கடைசி வரிசையில் ஒருவருடைய முழங்கை வழுக்குவதை எப்படிப் பார்ப்பார்? கேட்காமல் ஒருவர் முதுகில் கைவைத்து அழுத்துவதையும் விட்டுவிடுங்கள். அந்த உடம்பு எங்கே எதிர்க்கிறது என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். "தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்" என்று மாணவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், நீங்கள் கடைசியாக மாணவராக உட்கார்ந்து வெகுநாள் ஆகிவிட்டது என்று பொருள்.

போன மாதம் ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். நடத்தியவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கடைசி வரிசையில் என் அம்மையார் ஆசிரியர் இருந்தார். விரிப்பின் ஓரத்தில் மூக்குக் கண்ணாடி, ஒரு நோட்டுப் புத்தகம், முழங்காலுக்கு அடியில் நான்காக மடித்த கம்பளம். வீரபத்ராசனத்தில் அவருடைய பின்பாதத்தைப் பார்த்த இளம் ஆசிரியர் குனிந்து, "குதிகாலை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளலாமா?" என்றார். தள்ளினார். மூன்று மூச்சு நின்றார். பிறகு எழுந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எதையோ எழுதினார்.