மலைக் குளிரில் தயிர்: பால் புரதம் பெப்டைடாக அறுபடும் விதம்

பால் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசீன். அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோத்த இந்த நீண்ட சங்கிலி சிறு சிறு துண்டுகளாக அறுபடும்போது, அத்துண்டுகளைப் பெப்டைடுகள் என்கிறோம். சங்கிலிக்குள் இருக்கும்வரை சும்மா கிடக்கும் சில துண்டுகள், வெளிவந்தபின் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டக்கூடும் என்பது, தாய்ப்பால் புரதத்தை டிரிப்சின் நொதியால் செரிக்கவைத்து 1981இல் வெளியான ஆய்விலிருந்து பேசப்பட்டு வருகிறது. அறுக்கும் வேலையை நம் வீட்டில் செய்பவை தயிர்ப் பாக்டீரியாக்கள்.

சேலத்தில் எனக்குத் தயிர் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. மார்கழியில் ஏற்காட்டிலுள்ள அக்கா வீட்டில் அதே கைப்பக்குவத்தில் உறை ஊற்றி மேடையில் வைத்த பால், விடிந்தும் பாலாகவே இருந்தது. ஆகவே இம்முறையை மலைக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அரை லிட்டர் பசும்பாலைப் பொங்கவிட்டு, தீயைத் தணித்துப் பத்து நிமிடம் கிளறியபடி காய்ச்சுங்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்றாலும், அந்தச் சூடே போதும். பாலில் கேசீன் தவிர்த்த மீதிப் புரதங்கள் (வே புரதங்கள்) குலைந்து கேசீனோடு ஒட்டிக்கொள்வதால்தான் தயிர் கெட்டியாகிறது.

அடுத்து, சுத்தமான விரலை விட்டால் இதமாகச் சுடும் பதத்துக்கு, அதாவது 40 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, ஒரு தேக்கரண்டி உறைமோரைக் கலக்குங்கள். கொதிக்கும் பாலில் ஊற்றினால் பாக்டீரியாக்கள் மடிந்துவிடும்.

இனி காத்திருப்பதுதான் வேலை. சித்திரை வெயிலில் சேலத்தில் நான்கைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். ஏற்காட்டில் பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, அரிசி டப்பாவுக்குள் புதைத்து, இரவு முழுதும் விடவேண்டும். அந்நேரத்தில் பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்க, அமிலத்தன்மை பி.எச் 4.6ஐ நெருங்கும்போது கேசீன் திரள்கிறது. கூடவே, தமக்கு வேண்டிய அமினோ அமிலங்களுக்காக, தம் செல்சுவரிலுள்ள நொதியால் கேசீனைக் கத்தரிக்கின்றன. கத்தரித்ததில் கொஞ்சத்தை அவை தின்ன, மிச்சம் தயிரில் தங்குகிறது. கரண்டியால் வெட்டினால் ஓரம் கத்தியால் அறுத்ததுபோல் நிற்கவேண்டும்; நூலாக இழுத்தால் உறைமோரை மாற்றுங்கள்.

இத்தகைய பெப்டைடுகள் சில, கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் அணுக்களைச் சுறுசுறுப்பாக்குவதை ஆய்வகத்திலும் எலிகளிலும் கண்டிருக்கிறார்கள். மனிதர்களிடம் அந்தளவு சான்று இல்லை. வயிற்றிலுள்ள நொதிகள் பல துண்டுகளை மேலும் நறுக்கிவிடுகின்றன, சில புதிய துண்டுகளை அவையே உண்டாக்கவும் செய்கின்றன. எனவே தயிரைத் தடுப்பூசிக்கோ மருந்துக்கோ மாற்றாகக் கருதாதீர்கள். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தயிரும் ஆகாது.

மோர்க்குழம்பு வைத்தால் எல்லாம் போய்விடுமா என்று அக்கா கேட்டாள். கொதியில் பாக்டீரியாக்கள் சாகும். பெப்டைடின் பிணைப்பு அடுப்புச் சூட்டுக்கு அவ்வளவு எளிதில் அறாது.