ஃபாக்ஸ்ப்ரோ இன்டெக்ஸ் கெட்டுப்போனால்: முதலில் காப்பி, பிறகுதான் கட்டளை

ஓர் உரக்கடையிலிருந்து போன் வந்தது. பல வருடமாகக் கடனுக்கு வாங்கி, அறுவடை முடிந்ததும் கட்டிவிடுகிற ஒரு விவசாயியின் கணக்குக் கோட் எண்ணை அடித்தால், அப்படி ஒரு பார்ட்டியே இல்லை என்கிறது பில்லிங் திரை. அவசரத்தில் கல்லாவில் இருந்த தம்பி அதே கோடில் புதுக்கணக்கு திறந்து பில் போட்டுவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது பழைய கணக்கு டேபிளில் அப்படியே இருந்தது. கெட்டிருந்தது, ரெக்கார்டைத் தேடிக் கொடுக்கும் இன்டெக்ஸ் மட்டும்.

டேட்டாபேஸ் மென்பொருள்கள் எழுதப் பயன்பட்ட விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவின் கடைசிப் பதிப்பான 9 வெளிவந்தது 2004இல். மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்தது. ஆனாலும் அதில் எழுதிய மென்பொருள்கள் இன்னும் ஓடுகின்றன. அப்படி ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை புதிதாக உங்கள் தலையில் விழுந்திருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன்; கமாண்ட் விண்டோவில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

எங்கே உடைகிறது?

தகவல் இருப்பது டிபிஎஃப் ஃபைலில். நீளமான குறிப்புகள் எஃப்பிடி ஃபைலில். எந்தக் கோட் எத்தனையாவது ரெக்கார்டில் இருக்கிறது என்கிற வழிகாட்டி, அதாவது இன்டெக்ஸ், சிடிஎக்ஸ் ஃபைலில். ஒரு பில்லைச் சேமிக்கும்போது இவை தனித்தனியாக எழுதப்படுகின்றன. டேபிளில் எழுதி முடித்து இன்டெக்ஸில் எழுதும் நேரத்தில் கரண்ட் போனாலோ, நெட்வொர்க் அறுந்தாலோ, ரெக்கார்ட் இருக்கும், அதற்கான வழி மட்டும் இருக்காது. ஃபைல் சர்வரில் டேபிள் இருந்தாலும் இன்டெக்ஸை மாற்றி எழுதுவது ஒவ்வொரு கிளையன்ட் கம்ப்யூட்டரும்தான். அதனால் ஐந்து கம்ப்யூட்டரில் ஒன்று நடுவில் அணைந்தாலே போதும்.

படி 1: காப்பி

எல்லோரையும் மென்பொருளை விட்டு வெளியே வரச் சொல்லுங்கள். டிபிஎஃப், சிடிஎக்ஸ், எஃப்பிடி மூன்றையும் வேறு ஃபோல்டருக்கு காப்பி எடுங்கள். கெட்டுப்போன சிடிஎக்ஸையும் சேர்த்துத்தான். ஐந்து நிமிட வேலை. தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

இந்த நேரத்தில் யாராவது 'பேக்' கட்டளை கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். பேக் இன்டெக்ஸையும் புதிதாகக் கட்டும் என்பது உண்மைதான். ஆனால் நீக்கியதாகக் குறித்து வைத்திருக்கும் ரெக்கார்டுகளை நிரந்தரமாக அழித்துவிடும். என்ன கெட்டது என்றே தெரியாத நேரத்தில் அது வேண்டாம்.

படி 2: கெட்டது இன்டெக்ஸ்தானா?

யூஸ் பார்ட்டி ஆர்டர் கோட்
சீக் "கே1047"
? ஃபவுண்ட்()

எஃப் என்று வந்தால் இன்டெக்ஸுக்கு அந்தக் கோட் தெரியவில்லை. இப்போது இன்டெக்ஸைத் தொடாமல் தேட வேண்டும்.

செட் ஆர்டர் டு
செட் ஆப்டிமைஸ் ஆஃப்
லொகேட் ஃபார் கோட் = "கே1047"
? ஃபவுண்ட்()

இரண்டாவது வரியில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஆர்டரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். ஆனால் லொகேட் கட்டளை ரஷ்மோர் என்ற வேகப்படுத்தும் உத்தி வழியாக அதே கெட்ட இன்டெக்ஸைப் போய்ப் பார்த்து, அதே பொய்யைச் சொல்லும். ஆப்டிமைஸை நிறுத்திய பிறகு டி என்று வந்தால், ரெக்கார்ட் இருக்கிறது, பழுது இன்டெக்ஸில்தான்.

டேபிள் திறக்கவே மறுத்து 'நாட் எ டேபிள்' என்று வந்தால் அது வேறு நோய். டிபிஎஃப்பின் தலைப்பகுதி கெட்டிருக்கலாம். இன்டெக்ஸ் வேலை அதைச் சரிசெய்யாது. மெமோ ஃபைல் (எஃப்பிடி) பழுதும் அப்படித்தான்.

படி 3: டேக் விவரங்களை எழுதி வையுங்கள்

டேபிளை எக்ஸ்க்ளூசிவாக (வேறு யாரும் திறக்க முடியாதபடி) திறந்து 'மாடிஃபை ஸ்ட்ரக்சர்' கொடுங்கள். சிடிஎக்ஸுக்குள் இருக்கும் தனித்தனி இன்டெக்ஸ்தான் டேக். இன்டெக்ஸஸ் பக்கத்தில் ஒவ்வொரு டேகின் பெயர், வகை, எக்ஸ்ப்ரஷன், ஃபில்டர் எல்லாம் இருக்கும். ஒன்று விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். டேபிள் ஒரு டேட்டாபேஸ் கன்டெய்னருக்குள் (பல டேபிள்களைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ் ஃபைல்) இருந்தால் இன்னும் கவனம் தேவை: டேகை நீக்கும்போது பிரைமரி கீயும் டேபிள்களுக்கு இடையிலான உறவுகளும் சேர்ந்து போய்விடும். ஃபாக்ஸ்ப்ரோவோடு வரும் ஜென்டிபிசி புரோகிராமை முதலில் ஓட்டி அந்த அமைப்பை ஃபைலாக எடுத்து வைத்துவிட்டுத் தொடருங்கள்.

படி 4: இடித்துக் கட்டுங்கள்

யூஸ் பார்ட்டி எக்ஸ்க்ளூசிவ்
டெலீட் டேக் ஆல்
இன்டெக்ஸ் ஆன் கோட் டேக் கோட் கேண்டிடேட்
இன்டெக்ஸ் ஆன் அப்பர்(பெயர்) டேக் பெயர்

'ரீஇன்டெக்ஸ்' என்று ஒரே வார்த்தையில் முடிக்கலாமே என்று தோன்றும். நான் அதை நம்புவதில்லை. ரீஇன்டெக்ஸ் பழைய சிடிஎக்ஸில் எழுதியிருக்கும் டேக் விவரங்களை வைத்துத்தான் மறுபடி கட்டுகிறது. அந்த விவரமே சிதைந்திருந்தால் சிதைந்ததைத்தான் திரும்பக் கட்டும். பழைய சுவரை முழுதாக இடித்துவிட்டு எழுப்புவதே பத்திரம்.

கேண்டிடேட் என்றால் ஒரே கோட் இரண்டு முறை வராமல் தடுக்கும் இன்டெக்ஸ். அந்த இடத்தில் 'யுனீக்' என்று போட்டுவிடாதீர்கள். ஃபாக்ஸ்ப்ரோவில் யுனீக் என்பது இரட்டைப் பதிவைத் தடுக்காது. முதல் ரெக்கார்டை மட்டும் காட்டி மற்றதை மறைத்துவிடும்.

படி 5: இரட்டைக் கணக்கு

கேண்டிடேட் வரி 'யுனீக்னெஸ் ஆஃப் இன்டெக்ஸ் இஸ் வயலேட்டட்' என்று நின்றால், ஒரே கோடில் இரண்டு ரெக்கார்ட் நுழைந்துவிட்டது என்று அர்த்தம்.

செலக்ட் கோட், கவுண்ட்(*) ஃப்ரம் பார்ட்டி குரூப் பை கோட் ஹேவிங் கவுண்ட்(*) > 1

வருகிற பட்டியலைக் கடைக்காரரோடு உட்கார்ந்து பாருங்கள். எதை நீக்குவது என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம், அது அவருடைய பணம்.

இனி வராமல் இருக்க, படி 4இன் வரிகளை ஒரு பிஆர்ஜி (புரோகிராம்) ஃபைலில் எழுதி வையுங்கள். டேக் விவரம் சிடிஎக்ஸுக்கு வெளியேயும் இருக்கும். யுபிஎஸ் சர்வருக்கு மட்டும் போதாது, கிளையன்டுகளுக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் வேண்டும். பில் போடும் கம்ப்யூட்டரை வைஃபையில் ஓட்டாமல் கேபிளில் இணையுங்கள். நெட்வொர்க் கார்டின் மின்சேமிப்பை அணைத்துவிடுங்கள்.

உரக்கடையில் யுபிஎஸ் இல்லாமல் இருந்தது அந்த ஸ்விட்ச்தான். புதிதாகத் திறந்த கணக்கை நீக்கியதும், தம்பி போட்ட பில் கோட் வழியாகப் பழைய கணக்கிலேயே போய்ச் சேர்ந்தது. மறுநாள் அந்த விவசாயி தன் சிட்டையோடு வந்தார். திரையில் இருந்த பாக்கியும் அவர் எழுதி வைத்திருந்த பாக்கியும் ஒன்றாக இருந்தன.