பாட்டு ஃபைலுக்கு எந்த பிட்ரேட் வைப்பது?

ஒரு நொடிப் பாட்டுக்கு எவ்வளவு தரவு செலவாகிறது என்ற கணக்குதான் பிட்ரேட். அலகு கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை கிலோபிட். ஐந்து நிமிடப் பாட்டு 128-இல் ஏறக்குறைய 4.8 எம்பி, 320-இல் 12 எம்பி பிடிக்கும். சிடியில் அதன் பிட்ரேட் 1411. அதே பாட்டு அங்கே 53 எம்பி.

1. கையில் இருக்கும் ஃபைலைப் பாருங்கள். காதுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்ட ஒலிகளை விட்டுவிட்டுத்தான் எம்பி3 சிறிதாகிறது. விட்டது திரும்பாது. 128 ஃபைலை 320-க்கு மாற்றினால் இடம்தான் வீணாகும். பெயரில் 320 என்று இருந்தும் சந்தேகமா? ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திறந்து, ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். தடித்த ஒலி கீழே, கீச்சொலி மேலே என்று படமாகக் காட்டும். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பாட்டு முழுக்கக் கத்தரித்ததுபோல் வெறுமையாக இருந்தால், அநேகமாக அது 128-இலிருந்து ஊதிப் பெருக்கியது. பழைய பதிவுகளில் மேலே இயல்பாகவே எதுவும் இருக்காது. புதுப் பாட்டுக்கு மட்டும் இந்தச் சோதனை.

2. எங்கே கேட்கப் போகிறீர்கள்? கீழக்கரையில் பதிந்த பயானோ (இஸ்லாமியச் சொற்பொழிவு) தங்கச்சிமடத்துப் பிரசங்கமோ, வெறும் பேச்சுக்கு 64 மோனோ (இடது வலது பிரிக்காத ஒற்றைத் தடம்) போதும். பாம்பனில் விசைப்படகு என்ஜின் சத்தத்துக்கு நடுவே ஓடும் பென் டிரைவுக்கு 128 தாராளம். வீட்டில் நல்ல ஹெட்போன் மாட்டிக் கேட்பவருக்கு 256 ஏஏசி (எம்பி3 போல இன்னொரு சுருக்க வடிவம்) அல்லது 320 எம்பி3. ஒரே பிட்ரேட்டில் எம்பி3-யைவிட ஏஏசி நன்றாக இருக்கும், குறைந்த அளவுகளில் இது தெளிவாகத் தெரியும்.

3. காதால் சோதியுங்கள். சிடியிலிருந்தோ, ஒலி எதையும் விடாமல் சுருக்கும் ஃபிளாக் ஃபைலிலிருந்தோ ஒரே பாட்டை 96, 128, 192, 320 என்று நான்காக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எது எது என்று சொல்லாமல் வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றி ஓடவிடச் சொல்லுங்கள். குரலைக் கவனித்தால் வித்தியாசம் பிடிபடாது. ஜால்ராவைக் கேளுங்கள்: 'ஜிங்' என்று தெறித்து அடங்க வேண்டியது, பிட்ரேட் குறைந்தால் 'ஷ்ஷ்' என்று தண்ணீர் கலந்த மாதிரி குழையும். தவிலில் அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே மெல்லிய இரைச்சல் எட்டிப்பார்க்கும், அடியின் கூர்மை மழுங்கும். கைதட்டலும் அப்படித்தான். பலருக்கு 192-க்கு மேல் வித்தியாசம் தெரிவதில்லை. உங்களுக்கும் தெரியாவிட்டால் 192-லேயே நின்றுகொள்ளுங்கள், யார் சொன்னாலும் 320-க்கு ஓட வேண்டாம்.

4. சொந்தப் பதிவு என்றால் சமரசம் வேண்டாம். கரைவலை இழுக்கும்போது பெரியவர்கள் பாடும் அம்பாவைப் பதிகிறீர்களா? தயவுசெய்து சுருக்காத வேவ் வடிவில், சிடியின் அதே தரமான 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் பதியுங்கள். அந்தப் பாட்டைக் கடையில் வாங்க முடியாது, உங்கள் ஃபைல்தான் மூலம். அப்புறம் ஃபிளாக்காக மாற்றுங்கள். ஒரு துளி ஒலியும் போகாது, அளவு ஏறக்குறைய பாதிக்கு வரும். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப 192-இல் தனி நகல் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள்.

மைக்கில் காற்று மோதும் இரைச்சலை எந்த பிட்ரேட்டும் போக்காது. கச்சான் காற்று வீசும் நாளில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மைக்கின் மேல் பஞ்சு உறை மாட்டி, முதலில் அரை நிமிடம் பதிந்து கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.