பழந்தின்னி வௌவாலிடம் மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு

வௌவாலின் மரபணுவை ஆராய எங்கள் விலங்கியல் துறைக்கு வரும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது, தரவை அலச எந்த மென்பொருள் நல்லது என்றுதான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் எந்த மரத்தடியில் வலை கட்டப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள் என்பேன். ஓர் ஊர் வௌவாலும் இன்னோர் ஊர் வௌவாலும் இனப்பெருக்கத்தில் கலக்கின்றனவா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் தொடங்க ஏற்றது குட்டைமூக்குப் பழந்தின்னி, சைனாப்டெரஸ் ஸ்பிங்ஸ். ஆலமரத்தில் கூட்டமாகத் தொங்கும் பெரிய பறக்கும் நரியை விட்டுவிடுங்கள். அது நிபா வைரஸைச் சுமக்கக்கூடியது, பிடிப்பதும் கஷ்டம். சின்னதுக்கும் வனத்துறை அனுமதி, கல்லூரி நெறிமுறைக் குழு ஒப்புதல், கடி வாங்குவதற்கு முன்பே போட்டுக்கொண்ட ரேபிஸ் தடுப்பூசி, தோல் கையுறை, முகக்கவசம் எல்லாம் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வலையை எடுக்காதீர்கள்.

இந்த வௌவாலின் குடும்ப வாழ்க்கை தெரியாமல் இடம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆண் வௌவால் நெட்டிலிங்க மரத்திலும் திரைபோலத் தொங்கும் கொடிகளிலும் தண்டையும் இலையையும் கடித்துக் கடித்துக் கூடாரம் அமைக்கும். அதில் பல பெண்கள் வந்து தங்கும். புனேயில் நடந்த மரபணு ஆய்வில், ஒரே கூடாரத்துப் பெண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு இல்லை என்று தெரிந்தது; பால்குடி மறந்ததும் ஆண் குட்டி, பெண் குட்டி இரண்டுமே இடம் பெயர்ந்துவிடுகின்றன. ஆனால் கூடாரத்தில் இருக்கும் குட்டிகளில் பலவற்றுக்கு அப்பா ஒன்றே. ஒரே கூடாரத்துக் குட்டிகளை அள்ளி வந்து 'இது திருநெல்வேலி மாதிரி' என்று பெயர் எழுதினால், நீங்கள் அளப்பது ஓர் ஊரை அல்ல, ஒரு குடும்பத்தை. வளர்ந்த வௌவால்களை மட்டும் எடுங்கள், ஊருக்கு இருபது முப்பது போதும். அதையும் பல மரங்களிலிருந்து எடுங்கள்.

பிடிக்கப் பழத்தோட்டம் நல்லது. கொய்யா பழுத்திருந்தால் இருட்டியவுடனே வரும். மிஸ்ட் நெட்டை (கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல் வலை) கட்டிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்; பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நூலைச் சுற்றிச் சுற்றிச் சிக்கிக்கொண்டு இறக்கையைக் கிழித்துக்கொள்ளும். ஒரு துணிப்பையில் ஒரு வௌவால்தான். வயிற்றில் குட்டி இருந்தாலோ மார்பில் குட்டி ஒட்டியிருந்தாலோ உடனே விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை குட்டி போடும் இனம் இது, அந்த மாதங்களில் வலையே கட்டாமல் இருப்பது உத்தமம்.

கையில் எடுத்ததும் முதல் வேலை, இது ஸ்பிங்ஸ்தானா என்று உறுதி செய்வது. காதோரம் வெளிறிய கோடு, எழுபது மில்லிமீட்டரை ஒட்டிய முன்கை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பக்கம் போனால் இதைவிடச் சிறிய பிராக்கியோடிஸ் என்ற பங்காளியும் வலையில் விழும். இரண்டும் கலந்துவிட்டால் இல்லாத ஒரு 'மலைக் கிளை' உங்கள் வரைபடத்தில் முளைத்துவிடும். அடுத்து இறக்கையை விரித்துப் பின்னால் டார்ச் அடித்து விரல் மூட்டைப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவும் இடைவெளி தெரிந்தால் இன்னும் வளராத குட்டி.

அதே டார்ச் வெளிச்சத்தில் ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்றும் பார்த்துக்கொண்டு, உடலுக்கும் ஐந்தாம் விரலுக்கும் நடுவே குழாய் இல்லாத இடத்தில் மூன்று மில்லிமீட்டர் பஞ்ச் (துளையிடும் சிறு கருவி) வையுங்கள். வட்டமாகச் சின்னத் துண்டு வரும். துளை சில வாரங்களில் மூடிவிடும். துண்டை எத்தனால் குப்பியில் போட்டு, பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளேயே போடுங்கள். எத்தனால் சிந்தினால் மார்க்கர் மை கரைந்து ஓடிவிடும், பென்சில் எழுத்து நிற்கும். பஞ்ச் கருவியை ஒவ்வொரு வௌவாலுக்கும் மாற்றுங்கள். விடுவதற்கு முன் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர்.

சரி, அந்தத் துண்டுகளின் மரபணு முடிவு வந்த பிறகு. தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய்வழிக் கதையை மட்டும் சொல்லும். மைக்ரோசாட்டிலைட், அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் குட்டித் துண்டுகள், இருவழியும் சொல்லும். மைட்டோகாண்ட்ரியா ஊருக்கு ஊர் வேறுபட்டு, மற்றது வேறுபடாவிட்டால், ஆண்கள் அலைகின்றன, பெண்கள் ஊரோடு இருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். ஊர்களுக்கிடையே மரபணு வேறுபாடு எவ்வளவு என்று காட்டும் எஃப்.எஸ்.டி. மதிப்பு பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஆய்வு தோற்றுவிட்டது என்று முகத்தைத் தொங்கப்போட வேண்டாம். ஆப்பிரிக்காவின் வைக்கோல் நிறப் பழந்தின்னியை 2013-இல் கண்டம் முழுக்கச் சோதித்ததில், அத்தனை தூரத்திலும் ஒரே கூட்டமாகக் கலப்பது தெரிந்தது. கினி வளைகுடாவில் தள்ளிக் கிடக்கும் தீவுகளில் இருப்பவைதான் தனித்து நின்றன. கலப்பதும் தனித்து நிற்பதும் இரண்டும் சேர்ந்துதான் செய்தி.

நம் ஸ்பிங்ஸின் கதை இன்னும் சுவை. தென்னிந்தியாவிலிருந்து வடக்கே போகப் போக உடல் பெரிதாகிறது, ஆனால் மைக்ரோசாட்டிலைட்டில் அந்த அளவுக்கு வேறுபாடு இல்லை. வௌவால்கள் கலந்துகொண்டேதான் இருக்கின்றன; உடல் அளவை மட்டும் அந்தந்த இடத்துச் சூழல் இழுத்துப் பிடிக்கிறது என்பது இந்த ஆய்வைச் செய்தவர்களின் முடிவு. இறக்கைத் துண்டு மட்டும் இருந்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அதனால் காலிப்பரில் முன்கையை இரண்டு முறை அளந்து, எடையையும் நோட்டில் எழுதிய பிறகே வௌவாலை விடுங்கள்.