மார்கழிக் குளிரில் இறுகிய முதுகுக்கு

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை எழும்போது முதுகும் இடுப்பும் பலகை போல இறுகிக் கிடக்கும். எழுந்ததும் நேராகச் சூரிய நமஸ்காரத்தில் இறங்காதீர்கள். குளிர்ந்த தசையைச் சட்டென்று இழுத்தால் பிடித்துக்கொள்ளும். முதலில் மார்ஜாரி ஆசனம், அதாவது பூனை போல நிற்பது.

வெறுந்தரை சில்லென்று இருக்கும். ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்துக்கொள்ளுங்கள். தோளுக்கு நேர்கீழே உள்ளங்கை, இடுப்புக்கு நேர்கீழே முழங்கால். மூச்சை இழுத்தபடி வயிற்றைத் தரைப்பக்கம் தளர்த்தி, நெஞ்சை மெல்ல உயர்த்துங்கள். மூச்சை விடும்போது தொப்புளை உள்ளே இழுத்து, முதுகை வில்லாக மேலே வளைத்து, தலையைத் தொங்கவிடுங்கள். மூச்சு முன்னால் போகட்டும், உடம்பு அதன் பின்னால் வரட்டும். முதல் இரண்டு சுற்றில் முதுகு நகரவே மறுக்கும். ஐந்தாறு சுற்றில் தோள்பட்டைகளுக்கு நடுவே இளஞ்சூடு பரவுவது தெரியும். பத்துச் சுற்று போதும்.

மணிக்கட்டு வலித்தால் கையை முஷ்டியாக மடக்கி ஊன்றுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, தொடைமேல் கை வைத்து இதையே செய்யலாம். என் அம்மாவுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். டிஸ்க் விலகல் இருந்தால் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்குங்கள். அப்புறம், காபியெல்லாம் இது முடிந்த பிறகுதான்.