பெரிய ஜிம்மா, சின்ன ஜிம்மா? டாலஸ் பக்கம் மகளை சியரில் சேர்க்கும் முன்

ஏப்ரல் பிறந்ததும் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிளானோ, மெக்கின்னி பக்கம் இருக்கும் நம் குடும்பங்கள்தான். "அக்கா, பொண்ணு சியர்லீடிங், அதான் சியர், சேரணும்னு ஒரே பிடிவாதம். வீட்டுப் பக்கத்துல சின்ன ஜிம் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் தள்ளிப் போனா பெரிய ஜிம் இருக்கு. எதுல போடலாம்?" ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பேசுவதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் மகளுக்கு இப்போது 13 வயது. 7 வயதில் ஆரம்பித்தாள். முதல் 3 வருடம் ஏறக்குறைய 70 பிள்ளைகள் இருந்த ஒரு ஜிம் (சியர் பயிற்சிக்கூடத்தைத்தான் இங்கே ஜிம் என்கிறோம்). அடுத்த 2 வருடம் பல கிளைகள் உள்ள பெரிய ஜிம். இந்த ஒரு வருடமாக மறுபடியும் ஒரு சின்ன ஜிம்மில் இருக்கிறாள். இரண்டு பக்கமும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பள்ளியில் ஃபுட்பால் மைதான ஓரத்தில் நின்று ஆரவாரம் செய்யும் சியர் வேறு, நான் சொல்லும் ஆல்-ஸ்டார் சியர் வேறு. இதில் உற்சாகப்படுத்த இன்னொரு அணி கிடையாது. போட்டிதான் எல்லாம். ஸ்பிரிங் தளத்தின் மேல் ஒன்பது மேட் வரிசைகள், பாட்டோடு 2 நிமிடம் 30 விநாடி. அதற்குள் டம்பிளிங் (தரையில் கரணம் போடுவது), ஸ்டன்ட் (ஒருத்தியை மேலே தூக்கி நிறுத்துவது), பிரமிட் (பல ஸ்டன்ட்களை ஒன்றாக இணைப்பது), ஜம்ப், நடனம் எல்லாம் முடிந்துவிட வேண்டும். டாலஸ் இதற்குப் பேர் போன ஊர். 1948-ல் நேஷனல் சியர்லீடர்ஸ் அசோசியேஷனைத் தொடங்கிய லாரன்ஸ் ஹெர்க்கிமர் இந்த ஊர்க்காரர். அந்த அமைப்பின் ஆல்-ஸ்டார் தேசியப் போட்டி பல ஆண்டுகள் டாலஸ் நகர மாநாட்டு மையத்தில்தான் நடந்தது. உலக அளவில் பெயர் வாங்கிய சியர் அத்லெடிக்ஸ் என்ற ஜிம் 1994-ல் தொடங்கியதும் இங்கேதான். அதனால் அரை மணி நேர டிரைவுக்குள் பெரிதும் சிறிதுமாக நிறைய ஜிம்கள். எல்லோரும் உள்ளூர்ப் போட்டியில் ஒரே மேட்டில் வந்து நிற்கிறார்கள்.

பெரிது, சிறிது என்பதற்குக் கணக்கு உண்டு. அமெரிக்காவில் ஆல்-ஸ்டார் சியருக்கு விதி வகுப்பது யூ.எஸ்.ஏ.எஸ்.எஃப். என்ற கூட்டமைப்பு. 125 பிள்ளைகள் வரை உள்ள ஜிம் டி-டூ (இரண்டாம் டிவிஷன்), அதற்கு மேல் போனால் டி-ஒன் (முதல் டிவிஷன்). சீசன் முடிவில் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் நடக்கும் சம்மிட் போட்டியும் இரண்டு வகைக்கும் தனித்தனி. ஆனால் உள்ளூர்ப் போட்டியில் அணிகள் குறைவாக வந்தால் இரண்டையும் சேர்த்தே ஆட வைப்பார்கள். அப்போது 14 பேர் உள்ள உங்கள் பிள்ளையின் அணிக்குப் பக்கத்தில், நூற்றுக்கணக்கானவர்களிலிருந்து பொறுக்கி எடுத்த 24 பேர் வார்ம்-அப் செய்துகொண்டிருப்பார்கள். முதல் தடவை பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும். பிள்ளைகளுக்கும் அப்படித்தான். இது நடக்கும் என்று வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போங்கள்.

சரி, ஜிம்மைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். பெரும்பாலானோர் போட்டிகளில் வென்று சுவரில் மாட்டியிருக்கும் பேனர்களைப் பார்க்கிறார்கள். நீங்கள் லெவலைப் பற்றிக் கேளுங்கள், அதாவது திறமையின் படிநிலை. குட்டிக்கரணம், கார்ட்வீல் (பக்கவாட்டில் சக்கரம் போலச் சுழல்வது), வாக்ஓவர் (கை ஊன்றி ஒவ்வொரு காலாகப் புரட்டுவது) செய்வது லெவல் 1. பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்பக்கம் பாய்ந்து கை ஊன்றிப் புரள்வது) வந்தால் லெவல் 2. ஓடி வந்து டக் (கை ஊன்றாமல், முழங்காலை மடக்கிக் காற்றில் போடும் கரணம்) அடிப்பது லெவல் 3. நின்ற இடத்தில் டக், ஓடி வந்து லே-அவுட் (உடலை நீட்டியபடி போடும் கரணம்) லெவல் 4. ஃபுல் என்ற, ஒரு முழுச் சுற்றுத் திரும்பும் கரணம் லெவல் 5. இப்படி 7 வரை போகும். உங்கள் மகளிடம் இன்று இருக்கும் திறமைக்கு இந்த ஜிம்மில் எந்த லெவல் அணி கிடைக்கும், அந்த அணியில் அவள் எங்கே நிற்பாள் என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இதை அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டேன். மகளுக்கு 9 வயது ஆனபோது பேக் ஹேண்ட்ஸ்பிரிங் ஓரளவு வந்திருந்தது, டக் வரவில்லை. அந்தச் சின்ன ஜிம்மில் லெவல் 3 அணிக்கு ஆள் பற்றவில்லை. அவளை மேலே இழுத்துப் போட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. டிசம்பருக்குள் ஏற்கனவே வந்துகொண்டிருந்த ஹேண்ட்ஸ்பிரிங்கையும் விட்டுவிட்டாள். ஓடி வருவாள், மேட் நடுவில் நின்றுவிடுவாள். இதை இங்கே மென்டல் பிளாக் என்பார்கள். அந்தப் பயம் நீங்க அவளுக்கு 7 மாதம் ஆனது.

பெரிய ஜிம்மில் வேறு பிரச்சினை. லெவல் 3-க்கு வேண்டியதெல்லாம் அவளிடம் இருந்தும் லெவல் 2-ல் வைத்தார்கள். அவளைப் போலவே இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். அந்த அணி போன இடமெல்லாம் ஜெயித்தது. ஜெயிப்பதற்காகவே அணியைக் கீழ் லெவலில் இறக்குவதை இங்கே சாண்ட்பேகிங் என்று சொல்வார்கள். ஜெயித்தவர்களுக்குத் தரும் ஜாக்கெட்டும் பதக்கமும் வந்தன. ஆனால் ஒரு வருடம் புதிதாக எதையும் மேடையில் செய்யவில்லை, சலித்துப் போனாள். தகுதிக்கு மேலே தூக்கி வைப்பது சின்ன ஜிம்மின் ஆசை, தகுதிக்குக் கீழே பிடித்து வைப்பது பெரிய ஜிம்மின் ஆசை. எல்லா ஜிம்மும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் பக்கம் போனாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கட்டும்.

அப்புறம் ஒரு சாதாரண பயிற்சி நாளில் போய் உட்காருங்கள். ஓப்பன் ஹவுஸ் நாளில் எல்லா ஜிம்மும் அழகாகத்தான் இருக்கும். ஸ்டன்ட் குழுவைப் பாருங்கள். கீழே இரண்டு பேஸ், பின்னால் பேக்ஸ்பாட், மேலே ஃப்ளையர். ஃப்ளையர் தடுமாறும்போது மூன்று பேரும் அவளைப் பிடிக்கப் பாய்கிறார்களா, ஒதுங்குகிறார்களா? அது அந்த ஜிம் கற்றுக்கொடுக்கும் விதத்தைச் சொல்லிவிடும். விழுந்த பிள்ளையிடம் கோச் முதலில் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். பெற்றோர் உட்கார்ந்து பார்க்க இடம் இருக்கிறதா, பயிற்சியை மூடி வைக்கிறார்களா என்பதும் முக்கியம். கோச்சுக்கு எந்த லெவல் வரை கூட்டமைப்பின் சான்று இருக்கிறது, பின்னணிச் சோதனையும் சேஃப்ஸ்போர்ட் என்ற, விளையாட்டில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கான பயிற்சியும் முடித்திருக்கிறாரா என்று நேரடியாகக் கேட்கலாம். நல்ல கோச் இதற்குக் கோபப்பட மாட்டார். தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலைக் கூட்டமைப்பும் சேஃப்ஸ்போர்ட் மையமும் பொதுவில் வைத்திருக்கின்றன. ஜிம் பெரிதோ சிறிதோ, இந்த ஒரு வேலையை மட்டும் யாருக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

பெரிய ஜிம்மில் ஒருத்திக்குக் கணுக்கால் சுளுக்கினால் அடுத்த நாள் மாற்று ஆள் நிற்பாள். சின்ன ஜிம்மில் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு கோச் அந்த 2 நிமிடம் 30 விநாடி நிகழ்ச்சியை, அதாவது ரொட்டீனை, முழுவதும் மாற்றி எழுதுவார். சில பிள்ளைகள் இரண்டு அணியில் ஆட வேண்டி வரும், அதற்கு க்ராஸோவர் என்று பெயர். உடம்புக்கும் பர்சுக்கும் இரண்டு மடங்கு வேலை. ஆனால் என் மகள் ஒரே வருடத்தில் பேஸ், பேக்ஸ்பாட் இரண்டும் பழகியது சின்ன ஜிம்மில்தான். பெரிய ஜிம்மில் இரண்டு வருடமும் ஒரே இடத்தில் ஒரே பேஸாகத்தான் நின்றாள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். யூனிஃபார்ம், பயிற்சி உடை, கோரியோகிராஃபி, பாட்டு, போட்டிக் கட்டணம், கூட்டமைப்பு உறுப்பினர் கட்டணம், கோச்சின் பயணச் செலவு எல்லாம் தனித்தனியாக வரும். வருட மொத்தத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். சில வெளியூர்ப் போட்டிகளுக்கு நடத்துபவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் முழு எலைட் அணிக்குப் பதில் பிரெப் அணி இருக்கிறதா என்று கேளுங்கள். ரொட்டீன் சிறியது, பயிற்சி நாள் குறைவு, செலவும் குறைவு. புதிதாக வரும் குடும்பத்துக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான்.

இனி உள்ளூர்ப் போட்டி முடிவை எப்படிப் படிப்பது. அதிக மனக்கசப்பு வருவது இங்கேதான்.

"முதல் பரிசு" என்றால் எத்தனை அணியில் முதல் என்று பாருங்கள். வயதுப் பிரிவு, லெவல், ஜிம் அளவு என்று பிரித்துப் பிரித்து, கடைசியில் அந்தப் பிரிவில் ஒரே ஒரு அணி நிற்பதும் உண்டு. என் மகளின் முதல் வருடத்தில் மூன்று பேனர் வாங்கினார்கள், அதில் இரண்டில் எதிரில் யாருமே இல்லை. பிள்ளைகள் மகிழட்டும், அது அவர்கள் உழைப்பு. ஆனால் அந்த பேனரை வைத்து ஜிம்மை எடை போடாதீர்கள்.

எத்தனையாவது இடம் என்பதை விட்டுவிட்டு மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சில கோச்கள் பெற்றோர்க் கூட்டத்தில் காட்டுவார்கள். அதில் மூன்று விஷயம் பாருங்கள். எவ்வளவு கடினமான திறமை செய்தார்கள், எவ்வளவு சுத்தமாகச் செய்தார்கள், தவறுகளுக்காக நடுவர்கள் எவ்வளவு கழித்தார்கள். கடினத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. அணியில் இருவர் மட்டும் பிரமாதமாக டக் அடித்தால் போதாது, பெரும்பாலானோர் அடித்தால்தான் மேல் வரம்பு மதிப்பெண் கிடைக்கும். ஆள் பலம் உள்ள பெரிய ஜிம்முக்கு இது சாதகம். டக் வரும் பிள்ளைகளை மட்டுமே சேர்த்து ஒரு முழு அணி அமைக்க அவர்களால் முடியும். சின்ன ஜிம்மில் இருப்பவர்களை வைத்துத்தான் அணி.

சுத்தத்திலும் கழிவிலும் யாரும் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஒருவரும் விழாமல், தடுமாறிக் கை தரையில் படாமல், ஒரு கழிவும் வாங்காமல் முடிப்பதை "ஹிட் ஸீரோ" என்பார்கள். போன பிப்ரவரி ஃபோர்ட் வொர்த்தில் நடந்த போட்டியில் எங்கள் 14 பேரும், ஊரறிந்த ஒரு பெரிய ஜிம்மின் அணியும் ஒரே பிரிவு. அவர்களின் டம்பிளிங் எங்களைவிட ஒரு படி மேலே. ஆனால் அன்று அவர்களின் பிரமிட் நடுவில் சரிந்தது. எங்கள் பிள்ளைகள் ஹிட் ஸீரோ. அரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் நாங்கள் முதலிடம். சின்ன ஜிம் பெற்றோர் எல்லோரும் அழுதோம். இரண்டு வாரம் கழித்து அதே அணியுடன் மறுபடியும் ஆடினோம். இம்முறை அவர்களும் விழவில்லை, எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஆனால் எங்கள் மதிப்பெண் முந்தைய போட்டியைவிடக் கூடியிருந்தது, இரண்டாம் இடம் வந்த அன்றுதான் பிள்ளைகள் நன்றாக ஆடியிருந்தார்கள். காரில் வரும்போது அழுதுகொண்டிருந்த மகளிடம் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஸ்டன்ட் சுத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவளே விரலால் தொட்டுக் கணக்குப் போட்டாள். ஒரே நிறுவனம் நடத்தும் இரண்டு போட்டியின் தாள்களை ஒப்பிடுங்கள். வேறு வேறு நிறுவனம் என்றால் மதிப்பெண் முறையும் வேறாக இருக்கலாம்.

இன்னொன்று. எதிர் அணியில் இருப்பவர்கள் வேற்று ஊர்ப் பிள்ளைகள் இல்லை. திங்கட்கிழமை அதே மிடில் ஸ்கூல், அதே பஸ். அந்தப் பெரிய ஜிம் அணியில் மேலிருந்து விழுந்த ஃப்ளையர் என் மகளோடு கணக்கு வகுப்பில் உட்காருகிறவள். அந்த ஞாயிறு இரவு எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்த வீடியோவைப் போட்டார்கள். நான் நேராகவே எழுதினேன், தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று. எடுத்துவிட்டார்கள். எதிர் ஜிம் ஆடும்போது எழுந்து நின்று கைதட்டுங்கள். உங்கள் மகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

ஜிம் மாற வேண்டும் என்று தோன்றினால் சீசன் நடுவில் மாறாதீர்கள். ஒரு ஸ்டன்ட் குழுவில் ஒருத்தி போனால் மற்ற மூவரும் தரையில் நிற்க வேண்டும். சின்ன ஜிம்மில் அந்த ஓட்டையை அடைக்கவே ஆள் இருக்காது. மே மாதம் வரை பொறுத்து, பாக்கியைக் கட்டி, கோச்சை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். முதல் ஜிம்மை விட்டு வந்தபோது நான் மின்னஞ்சலில் முடித்துக்கொண்டேன். அந்த கோச்தான் என் மகளுக்குக் கார்ட்வீல் கற்றுக்கொடுத்தவர். போட்டிகளில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அது என்னை உறுத்தும். இரண்டாவது ஜிம்மை விடும்போது நேரில் போனேன், கோச் மகளைக் கட்டிப்பிடித்து அனுப்பினார்.

கடைசியாக, ஜிம் அணிகளுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு இரண்டு விஷயம். நகத்தை ஒட்ட வெட்டி, முடியை உயர்த்தி இறுக்கிக் கட்டிவிடுங்கள். நகை எதுவும் போட்டு மேட்டில் ஏற விடமாட்டார்கள். தோடு, கொலுசு, கையில் கட்டிய கோயில் கயிறு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். புதிதாகக் காது குத்தியிருந்தால் அன்று காலை போய்ச் சொல்லாமல் ஒரு வாரம் முன்பே கோச்சிடம் பேசிவிடுங்கள்.